வாய் வழியா ஒண்ணும் குடுக்கப்படாதாம்

இங்கிட்டு நகண்டு உக்காரு தாயி. சன்னலோரம் உனக்கே இருக்கட்டும், பஸ்ஸுல எனக்கு அந்தக் காத்து ஆகாது. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கென்ன கேடு, நான் நல்லாத்தான் இருக்கேன். என் தம்பி சோலைராசு கெடக்கான் அங்க. மில்லுல பிட்டரா இருந்தவன். மெசினுக்குப் பக்கத்துல நின்னவன் அப்படியே சரிஞ்சிட்டான். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிருச்சு. வாயி கோணிப்போச்சு, பேச்சும் போச்சு.

வாதத்தக் கூட நான் மன்னிச்சிருவேன். வியாதின்னா மனுசனுக்குத்தான வரும். அங்க ஒரு நர்சு இருந்தா பாரு, அவளத்தான் மன்னிக்க மாட்டேன். எமீமான்னு பேரு. பேரச் சொன்னாலே எனக்கு நெஞ்சு எரியுது. ஆளு வத்தலா இருப்பா, ஊதுனா விழுந்துருவா. வயசு என் மக வயசு கூட இருக்காது. ஆனா அதிகாரம்? கலெக்டர் தோத்துப்போவாரு!

மொத நாளு நாங்க ஒரு வேன் நெறைய ஆளாப் போனோம். சொந்தபந்தத்துல ஒருத்தன் விழுந்து கெடக்கான், போகாம இருக்க முடியுமா? வாசல்லயே மறிச்சிட்டா. ரெண்டு பேரு மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க வெளிய இருங்கங்கிறா. நான் அவன் கூடப் பொறந்த அக்கான்னேன். சரிம்மா, கையக் கழுவிட்டு வாங்கன்னா. ஏந்தாயி, நான் என்ன சாணி அள்ளிட்டா வந்தேன்? சரி, பெரிய எடம், எதுக்கு வம்புன்னு கொழாயத் தொறந்து நனச்சுட்டு வந்தேன். அது பத்தாதாம். வெரல் இடுக்கு, நகக்கண்ணு, மணிக்கட்டுனு சோப்புப் போட்டுத் தேய்க்கணுமாம். பக்கத்துல நின்னு தேச்சுக் காட்டுறா! நாலு புள்ள பெத்து, பேரன் பேத்தி எடுத்தவ நான். எனக்கு ஒரு சின்னச் சிறுக்கி கை கழுவச் சொல்லிக் குடுக்குறா. சிரிக்காத தாயி, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

உள்ள போயிப் பாத்தா அதுக்கு மேல கூத்து. நோயாளின்னா என்ன, பேசாமத் தூங்கவிடணும். அதுதான மருந்து? இவ தூங்க விடமாட்டா. ரெண்டு மணிக்கொரு தரம் வந்துருவா, அவனப் பெரட்டிப் போட. தோசையத் திருப்புற மாதிரி இந்தப் பக்கம், பெறகு அந்தப் பக்கம். திருப்பிட்டு முதுகுல, இடுப்பெலும்புல, குதிகால்லயெல்லாம் கைய வச்சுப் பாப்பா, செவந்திருக்கான்னு. எதுக்கும்மா இப்பிடி அவனப் படுத்துறன்னு கேட்டேன். ஒரே பக்கமாப் படுத்தா ரத்தம் ஓடாது, சதை அழுகிப் புண்ணு வந்துரும்னா. அவன் என்ன ஊசிப்போற பண்டமா? எங்க வீட்டு ஆம்பளைக பூராப் பேரும் படுத்தா ஒரே படுக்கதான், விடியறவரைக்கும் அசையமாட்டாங்க. எவனும் அழுகல.

இன்னொண்ணு கேளு. பேச்சில்லாமக் கட்டையாக் கெடக்கான். அவன்ட்டப் போயி, 'அண்ணே, இப்ப உங்களை எடது பக்கம் திருப்பப் போறேன்', 'அண்ணே, வாயத் தொடச்சு விடப்போறேன், கொஞ்சம் சில்லுனு இருக்கும்'னு சொல்லிச் சொல்லித்தான் செய்வா. யாருக்குச் சொல்ற, சுவத்துக்கான்னு கேட்டேன். 'அவங்களுக்குக் காது கேக்கும்மா. எல்லாம் புரியும். வாயிதான் வரல'ங்கிறா. இடுப்புல தூக்கி வளத்தவ நான். அவனுக்கு என்ன புரியும், என்ன புரியாதுன்னு நேத்து வந்த இவ எனக்குச் சொல்றா.

அன்னைக்கு எனக்குத் தாங்கல. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு அழுக அழுதேன். 'அய்யோ, உன் காலம் முடிஞ்சுபோச்சேடா, இனி நீ எங்கடா எந்திரிக்கப் போற, உன் பொண்டாட்டி பிள்ளைக தெருவுல நிக்கப் போகுதேடா'ன்னு வாய்விட்டு அழுதேன். ரத்த பாசம் தாயி, அழாம வருமா? ஓடி வந்து என் தோளப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டா! 'அழுகை வந்தா இங்க அழுங்கம்மா. அவங்க பக்கத்துல வச்சு அழாதீங்க. பாருங்க, அவங்க கண்ணுல தண்ணி வருது'ன்னா. வராம? அக்கா அழுதா தம்பிக்கு வராம என்ன செய்யும்?

என் நாத்தனா... இல்ல, அவன் பொண்டாட்டி, பஞ்சவர்ணம்னு பேரு, அவ ஒருத்தி. அவளுக்கு வாயும் கெடையாது, புத்தியும் கெடையாது. நர்சு என்ன சொன்னாலும் பூம்பூம் மாடு கணக்கா மண்டைய ஆட்டுவா. கால இப்பிடி மடக்குங்க, கைய இப்பிடி நீட்டுங்க, வெரல ஒண்ணொண்ணா விரிங்கன்னா, அத அப்பிடியே செய்வா. நான் ஊர்லருந்து தைலம் கொண்டு போயிருந்தேன். நல்லா அழுத்தித் தேச்சு நாலு இழுப்பு இழுத்தா நரம்பு தன்னால வழிக்கு வந்துரும். 'வேணாம் மதினி, தோள்பட்ட கழண்டுக்கிரும்னு சிஸ்டர் சொன்னாங்க'ங்கிறா. சிஸ்டராம். கூடப் பொறந்த சிஸ்டர் இங்க நிக்கேன்!

சரி, இதெல்லாம் கூடப் போகட்டும். சோத்துல கை வச்சா பாரு, அங்கதான் எனக்கும் அவளுக்கும் பத்திக்கிருச்சு.

வந்த அன்னைக்கே ஒரு கரண்டி தண்ணிய வாயில விட்டுப் பாத்தாளாம். அவன் இருமிட்டானாம். அம்புட்டுத்தான். மூக்கு வழியா ஒரு கொழாய விட்டு, அதுல பாலும் கஞ்சியும் ஊத்துறாங்க. கட்டில்ல ஒரு அட்டையும் தொங்க விட்டுட்டாங்க. 'வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது'ன்னு. வாய் எதுக்குத் தாயி இருக்கு? பேச்சுத்தான் போச்சு. பல்லு இருக்கு, நாக்கு இருக்கு, அவன் திங்க மாட்டானா? கேட்டா, முழுங்குற சதைக்குப் பெலமில்ல, வாயில விடுறது மூச்சுக்கொழாய்ல எறங்கிரும்னா. அதுலயும் தண்ணி, காப்பி, பாலு இதுகதான் ரெம்ப மோசமாம். சர்ருனு நுரையீரலுக்குப் போயிருமாம். கெட்டியா இருக்கதக் கூட பையப் பையப் பழக்கிரலாமாம். தண்ணி எறங்காத தொண்டையில கெட்டி எறங்குமாம். கூறுகெட்ட பேச்சப் பாத்தியா? இதத்தான் வருசக்கணக்கா ஒக்காந்து படிச்சிட்டு வந்திருக்கா.

அவனுக்கும் எனக்கும் உள்ளது உனக்குத் தெரியாது. எங்க ஆத்தா அவன் கைப்பிள்ளையா இருக்கும்போதே போயிருச்சு. நானே சின்னப்பிள்ள. அப்பனுக்கு வேல வேலைன்னு ஓட்டம். பிள்ள பசிச்சு அழுதா என்ன செய்யன்னு எனக்குத் தெரியாது. சோத்தக் கொழைய வடிச்சு, வெரலால நசுக்கி நசுக்கி ஊட்டுவேன். அவன் துப்புவான், நான் திரும்ப ஊட்டுவேன். மூக்கப் பிடிச்சா வாயத் தொறந்துதான ஆகணும்? அப்பிடி வளத்தது. கலியாணம் ஆகி அடுத்த தெருவுக்குப் போயும், என் அடுப்புல எது செஞ்சாலும் மொத கிண்ணம் அவனுக்குத்தான் போகும். என் வீட்டுக்காரரு அதுக்கு எத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு தெரியுமா? நான் சட்ட பண்ணவே மாட்டேன். அப்பேர்ப்பட்ட பிள்ளைய மூக்குல கொழாயோட பாத்தா எனக்கு எப்பிடி இருக்கும்?

கொஞ்ச நாளு போச்சு. அவ ஒரு பழக்கம் ஆரம்பிச்சா. கட்டில் தலமாட்ட நிமித்தி, தலகாணி வச்சு, அவன நேரா உக்கார வைப்பா. தாடைய நெஞ்சப் பாத்துக் குனியச் சொல்லுவா. கூழு மாதிரி கெட்டியா எதையோ கரச்சு, கரண்டி நுனியில எடுத்து, நல்லா இருக்க பக்கத்துக் கடவாய்ல வைப்பா. 'அண்ணே, முழுங்குங்க. இன்னொரு தரம் முழுங்குங்க.' தொண்டையில ரெண்டு வெரல வச்சு, எறங்குச்சான்னு பாப்பா. பெறகு வாயத் தொறந்து மிச்சம் ஒட்டியிருக்கான்னு பாப்பா. கோழிக்குஞ்சுக்கு எரை போடுற மாதிரி, இந்த ரவையூண்டு கூழுக்கு அம்புட்டு நேரம்! எனக்குப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வரும். பஞ்சவர்ணம் என்னடான்னா பக்கத்துல நின்னு, 'முழுங்கிட்டாரு மதினி, முழுங்கிட்டாரு'ன்னு கண்ணத் தொடச்சுக்கிறா. இப்பிடியே போனா வர்ற வாரம் கொழாய எடுத்துரலாம், வீட்டுக்கும் போயிரலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு.

இப்பச் சொல்லு. ரவையூண்டு முழுங்குறவன் ஒரு டம்ளர முழுங்க மாட்டானா? அவன் முழுங்குவான்னுதான நானும் ஆரம்பத்துலருந்து சொல்லிட்டு இருக்கேன்!

அவனுக்குப் பருத்திப்பாலுன்னா உசுரு. பருத்திக்கொட்டைய ராத்திரியே ஊறப்போட்டு, மறுநா ஆட்டிப் பிழிஞ்சு, சுக்கு, ஏலக்கா தட்டிப்போட்டு, அரிசிமாவு, தேங்கா, கருப்பட்டி சேத்துக் காச்சி எடுத்துட்டுப் போனேன். நான் போனது சாயங்காலம். பஞ்சவர்ணம் கீழ மருந்து வாங்கப் போயிட்டா. அந்த எமீமா அடுத்த கட்டில்ல ஒரு கெழவருக்குப் படுக்க விரிப்ப மாத்திக்கிட்டு இருந்தா. அதுவும் ஒரு வித்த அவளுக்கு. ஆளு படுத்திருக்கும்போதே அவர எழுப்பாம விரிப்ப உருவிப் போடுவா. ஒரு சுருக்கம் இருக்கக்கூடாதாம், சுருக்கத்துலயும் புண்ணு வருமாம். போடி போன்னு நெனச்சுக்கிட்டு நான் திரைச்சீலைய இழுத்து விட்டேன்.

பெத்த பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி தலைய மடியில சாச்சு வச்சுக்கிட்டேன். உக்கார வச்செல்லாம் குடுப்பாங்களா? படுத்துக்கிட்டுக் குடிச்சாத்தான் ஒடம்புல ஒட்டும். டம்ளர வாய்க்கிட்ட கொண்டு போனா பல்லக் கடிச்சுக்கிட்டான். சின்னதுலருந்தே அப்பிடித்தான, வேணும்னா கூட மொதல்ல வேணாம்பான். கன்னத்த அழுத்தினேன், தொறந்துச்சு. ஊத்திட்டேன். மடக்கு மடக்குன்னு போச்சு தாயி! பாதி டம்ளர் எறங்கிருச்சு. பெறகுதான் இருமுனான். கண்ணு செவந்து, மொகமெல்லாம் வேத்து, கொரகொரன்னு இழுத்தான். சுக்கு போட்டிருக்கேன்ல, நெஞ்சுச் சளி எளகுதுன்னு முதுகத் தட்டிக் குடுத்தேன். அந்த நேரம் அவ திரையத் தள்ளிட்டு வந்துட்டா.

வந்தவ என்ன செஞ்சா தெரியுமா? என்னைய ஒரு தள்ளு தள்ளிட்டா. அவன நிமித்தி, ஒரு பக்கமாச் சாச்சு, ஒரு கொழாய வாய்க்குள்ள விட்டு உறிஞ்சு எடுத்தா. கருப்பட்டிக் கலருல வருது. 'யாராச்சும் வாயில எதாவது குடுத்தீங்களா, அம்மா, சொல்லிருங்க, இப்பவே டாக்டர்ட்ட சொல்லணும்'னு கேட்டா. யாரு குடுத்தா, ஒருத்தரும் குடுக்கலயேன்னேன். டம்ளரு என் பைக்குள்ள போயிருச்சு. அப்பயும் அவ போயி டாக்டர்ட்ட, 'அவங்க அக்கா என்னமோ குடுத்திருக்காங்க'ன்னு சொல்லிட்டா. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு.

மறுநா காச்சல். அதுக்கடுத்தாப்புல மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. நுரையீரல்ல நிமோனியாவாம். தூக்கிட்டுப் போயி மூச்சு மெசின்ல போட்டுட்டாங்க. நான் குடுத்த பருத்திப்பாலு நெஞ்சுக்குள்ள போயிருச்சாம், அதுலதான் வந்துச்சாம். பருத்திப்பாலு குடிச்சு எவனுக்காச்சும் காச்சல் வந்து பாத்திருக்கியா நீ? மதுரைச் சனமே அதக் குடிச்சுத்தான் நடமாடுது! காச்சல் எதுல வந்துச்சுன்னு நான் சொல்றேன். அவ தெனம் வெறுந்துணிய நனச்சு நனச்சு ஒடம்பத் தொடச்சா பாரு, அதுல வந்துச்சு. அந்த ஏசிக் காத்துல வந்துச்சு. மூக்குக் கொழாய்ல வந்துச்சு.

பெரிய டாக்டரு எங்கள எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் கேட்டாரு. மாரியாத்தா மேல சத்தியமா பச்சத்தண்ணி கூடக் குடுக்கலன்னு நான் அடிச்சுச் சொன்னேன். என்ன பாக்குற? பருத்திப்பாலத்தான குடுத்தேன், தண்ணி குடுக்கலயே. அந்தப் பஞ்சவர்ணம் இருக்காளே, ஊமக்கோட்டான், அப்பத்தான் வாயத் தொறக்குறா. 'அன்னைக்கு அவரு வாயில ஏலக்கா வாசம் வந்துச்சே மதினி'ங்கிறா! ஆஸ்பத்திரி சோப்பா இருக்கும்டின்னு ஒரு அதட்டு போட்டேன், அடங்கிட்டா.

பெறகு நாங்க விடுவமா? என் மகனுக, மருமகன், சின்னையா வீட்டுப் பயலுக, அம்புட்டுப் பேரும் போயி வராண்டாவுல நின்னு சத்தம் போட்டாங்க. நர்சு கவனிக்காம விட்டதுலதான் இப்பிடி ஆச்சு, அவ மேல நடவடிக்க எடுங்கன்னு. ஆஸ்பத்திரிக்காரனுக்கு அவன் பேரு முக்கியம். அவள அந்த வார்டுலருந்து தூக்கிட்டாங்க. என்னமோ விசாரணையாம், அது முடியிற வரைக்கும் வேலைக்கே வரவேணாம்னு சொன்னதாவும் கேள்வி. சாமி இல்லன்னு யாரு சொன்னது?

போற அன்னைக்கு அவ என்னையத் தேடி வந்தா. மன்னிப்புக் கேக்கப் போறான்னு நான் மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். 'அம்மா, நீங்க பாசத்துலதான் குடுத்தீங்க, எனக்குத் தெரியும். என்னைப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் பரவால்ல. ஆனா இனிமே மட்டும் குடுத்துராதீங்க. இன்னொரு தடவைன்னா தாங்க மாட்டாரு'ன்னா. கையெடுத்துக் கும்பிட்டா வேற. என்னா நடிப்பு! வேல போன பெறகும் அந்த அதிகாரம் போகல பாரு.

ஆமா தாயி, பொழச்சுக்கிட்டான். பொழைக்காம? என் கையால தின்னு வளந்த ஒடம்பு. மெசின்லருந்து எடுத்துப் பழையபடி வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. ஆனா வீட்டுக்குப் போறதெல்லாம் இப்ப இல்லயாம். மறுபடி மூக்குக் கொழாயி, மறுபடி மொதல்லருந்து. எலும்பும் தோலுமா இருக்கான். அப்பிடிக் கெடக்கவன் கதவு தொறக்கும்போதெல்லாம் அங்கிட்டே பாக்குறான். பஞ்சவர்ணம் சொல்றா, அந்த எமீமாவத் தேடுறாராம். தேடுறதுக்கு அவ என்ன இவனுக்குத் தாயா, தாரமா? இப்ப இருக்க நர்சு புதுசு. வாயில்லாப்பூச்சி. நான் ஒரு பார்வ பாத்தாலே ஒதுங்கிருவா. கை கழுவக் கூடச் சொல்ல மாட்டா.

போன வாரம் ஒரு அதிசயம் நடந்துச்சு, கேளு. நான் உள்ள போயி, 'என்னடா சோலை, அக்கா வந்திருக்கேன்டா'ன்னு கட்டில்ல உக்காந்தேன். என்னையப் பாத்தான். அந்த நல்ல கையத் தூக்கினான். ஆட்டமா ஆடுது. தூக்கி வாயப் பொத்திக்கிட்டான். பொத்திக்கிட்டு, உள்ளருந்து கொழகொழன்னு ஒரு சத்தம். பஞ்சவர்ணம் ஓடி வந்துட்டா. திரும்பச் சொன்னான். 'வேணாங்க்கா.'

வேணாங்க்கா! பேசிட்டான் தாயி! விழுந்ததுலருந்து ஒரு சொல்லு பேசாதவன். பொண்டாட்டி பேரச் சொல்லல. பெத்த பிள்ளைக பேரச் சொல்லல. என்னையத்தான், அக்கான்னுதான் மொதச் சொல்லு வந்துச்சு. வார்டே திரும்பிப் பாத்துச்சு. பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கல, மூலையில போயி நின்னு அழுகுறா. எதுல வந்துச்சுங்கிற அந்தப் பேச்சு? டாக்டரு மருந்துலயா? அந்தக் கரண்டி நுனிக் கூழுலயா? என் பருத்திப்பாலுல தாயி! பாதி டம்ளருலயே நாக்கு எந்திரிச்சிருச்சு. முழு டம்ளரு போயிருந்தா இந்நேரம் எந்திரிச்சு நடந்திருப்பான்.

வேணாம்னானேங்கிறியா? அட நீ ஒண்ணு! அவன் என்னைக்கு வேணும்னு சொல்லியிருக்கான்? வேணாம்னா விட்டுட்டா இந்தப் பிள்ள வளந்திருக்குமா? எவளோ சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கா, 'உங்க அக்கா வந்தா வாயப் பொத்திக்கங்க'ன்னு. வேற யாரு, அவதான். அவனுக்குத்தான் எல்லாம் புரியுமே!

அதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். இந்தா, இந்தப் பையில பிளாஸ்க் இருக்கு பாரு. காலங்காத்தால காச்சினது. போன தடவ கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு, அதான் தொண்டையில நின்னுருச்சு. தப்பு அதுலதான். இந்தத் தடவ அரிசிமாவு போடல, தேங்கா போடல. நல்லாத் தண்ணியா வச்சு, துணியில வடிகட்டி எடுத்திருக்கேன். வாயத் தொறந்தாப் போதும், சர்ருனு எறங்கிரும். மதியம் பஞ்சவர்ணம் குளிக்கப் போவா. அந்தப் புதுசு ஒண்ணும் கண்டுக்காது.

என்ன தாயி? குடிக்கணும் போல இருக்கா? அட, வாயத் தொறந்து கேக்குறதுக்கென்ன, இம்புட்டு நேரம் கேக்காம உக்காந்திருக்க! கேட்டவங்களுக்கு இல்லன்னு சொன்னதில்ல இந்தச் சீனியம்மா. இந்தா, மூடியிலயே ஊத்துறேன். பைய, பைய, சுடும். எப்பிடி இருக்கு? நல்லாருக்கா? இனிப்பு பத்துமா? அதத்தான் சொல்றேன், இதப் போயி வெசங்கிறாளே அவ!

இன்னும் கொஞ்சமா? ஊத்துறேன், குடி. பசியோட வந்திருக்க போல. பின்னாடி இருக்க அந்தம்மாவுக்கும் வேணுமா? உனக்குத் தெரிஞ்சவகளா? இல்லயா? சரி, அவுகளுக்கும் ஊத்து, ரெண்டு வாயி குறஞ்சா என்ன. இன்னொரு மூடியா? என்னா குடி குடிக்கிற நீ! உண்டாகியிருக்கியா? இல்லயா... ஏய், ஏய், பிளாஸ்கக் குடு இங்கிட்டு.

அடிப்பாவி, தீத்துப்புட்டியே! கவுத்தாச் சொட்டு வரலயே. என் தம்பிக்குக் கொண்டு போறத அம்புட்டையும் ஊத்திக்கிட்டியே, உனக்கு வயிறா என்னது அது?

சரி, அழாத. எதுக்கு இப்பக் கண்ணு கலங்குற? சாப்பாட்டு விசயத்துல நான் யாரையும் வையமாட்டேன். வயித்துக்குத்தான போச்சு, மண்ணுல கொட்டல. ரிங் ரோடு வந்துருச்சு, இன்னும் செத்த நேரத்துல எறங்கிருவோம். மதுரையில பருத்திப்பாலுக்கா பஞ்சம்? முக்குக்கு முக்கு வண்டியில வச்சிருப்பான். என் கைப்பக்குவம் வராது, ஆனாலும் போதும். என் கைய எதுக்குப் பிடிக்கிற? விடு.

என்னது? வெறுங்கையோட போகச் சொல்றியா? சும்மா பக்கத்துல உக்காந்து அவன் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதுமா? நல்லாருக்கே! நீயும் அவ கணக்காவே பேசுறியே. உக்காந்து என்ன செய்யச் சொல்ற, பேசவா? அவன்ட்ட நான் என்னத்தப் பேசியிருக்கேன் இம்புட்டு வருசமா? சாப்பிட்டியாடா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கடா, மிச்சம் வைக்காதடா. அத விட்டா எங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கெடையாது. அவனுக்கு ஊட்ட ஒண்ணுமில்லன்னா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நான் யாரு? பஞ்சவர்ணம் பொண்டாட்டி. நர்சு நர்சு. நான் யாரு?

வெறுங்கையோட போனா அவன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு உக்காரணும். போன வாரம் வாயப் பொத்திக்கிட்டு ஒரு பார்வ பாத்தான் தாயி. பயந்த பிள்ள பாக்குற மாதிரி. என்னையப் பாத்து. அந்தக் கண்ண என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியாது.

கண்டக்டர் விசில் அடிச்சிட்டான். எந்திரி, எந்திரி, வழிய விடு. கூட்டத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நீ கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லு. பருத்திப்பால் வண்டிக்காரன் எந்தப் பக்கம் நிக்கிறான்?